ரெண்டாவது மானிட்டரில் என்ன ஓடுகிறது

சர்ர்ர்ர். பிறகு ஒரு டொக்.

அவ்வளவுதான் சத்தம். கதவுக்கு வெளியே மாடிப்படிச் சுவரில் யாரோ துடைப்பத்தைத் தேய்த்துக்கொண்டே ஏறிவருவதுபோல முதலில் ஒரு இழுவை. அப்புறம் சிமெண்டில் எதையோ வைக்கிற டொக். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் மோசம். ஏறிய ஆள் இறங்கின சத்தம் கேட்க வேண்டாமா?

ஹாஜிரா, நீங்கள் எடிட்டர்கள் குரூப்பில் கேட்டது ஒரே வரி. "ரெண்டு மானிட்டர் போட்டா டைம்லைன் ஸ்டக் ஆகுது, ஒண்ணு மட்டும் போட்டா ஆகல, யாராவது சரி பண்ணிருக்கீங்களா?" அதற்கு அந்தக் குரூப்பின் ஆண் சிங்கங்கள் எழுதிய பதில்களைப் பார்த்தேன். ஒருத்தர் சிஸ்டத்தை மாற்றச் சொல்கிறார். ஒருத்தர் ராம் போடச் சொல்கிறார், எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமலே. இன்னொருத்தர் கைகூப்பிய படம் போட்டிருக்கிறார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். குழந்தை தூங்குகிறாள், எனக்கும் இப்போது வேறு வேலை இல்லை. சத்தத்திலிருந்து தொடங்காவிட்டால் எப்படிச் சரியானது என்று சொல்லவும் முடியாது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கீழே என் மாமியார். மாமா போன வருஷம் தவறிவிட்டார்கள், அதனால் அத்தை மட்டும். மாடியில் நானும் பத்து மாதப் பெண் ரூத்தும். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மாடிக்குப் படி வெளியே இருக்கிறது. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பகலில் ரூத் விடமாட்டாள், ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். வேலையை ஆரம்பித்த புதிதில், அத்தை மணிக்கொரு தரம் பால் வேண்டுமா, பழம் வேண்டுமா என்று ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கான்வெண்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு சொன்னேன்: "அத்தை, நான் வேலை செய்யும்போது யாரும் மேலே வரக்கூடாது." அன்றோடு நின்றது. சொல்கிற விதத்தில் சொன்னால் யாரும் கேட்பார்கள்.

கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. இன்னொரு சாவி அத்தையிடம். உள்தாழ்ப்பாள் உண்டு, ஆனால் நான் போடுவதில்லை. ரூத்துக்கு ஏழு மாதத்தில் காய்ச்சலோடு வெட்டு, வலிப்புதான், வந்தது. நான் அவளைக் கையில் பிடித்தபடி நடு அறையில் நிற்கிறேன், கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, வெளியே அத்தை இரண்டு கையாலும் அறைகிறார்கள், எனக்குக் கதவு என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை. நாலு நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து தாழ்ப்பாள் கிடையாது. அது பயம் இல்லை, ஒரு ஏற்பாடு. இப்போதும் எழுதிக்கொண்டே இரண்டு முறை உள்ளே போய் அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். அதுவும் ஏற்பாடுதான்.

சத்தம் கேட்ட மறுநாள் காலையில் அத்தையிடம் கேட்டேன். "ராத்திரி படியில ஏதும் சத்தம் கேட்டுதா அத்தை?"

"இல்லையே பிள்ள. எனக்குப் படுத்தா உலகமே தெரியாது."

"யாரோ ஏறி வந்த மாதிரி இருந்தது."

"பூனையா இருக்கும். உனக்குப் பயமா இருந்தா கீழ வந்து படேன்."

"எனக்கென்ன பயம்? நீங்க வேணா மேல வாங்க."

"எனக்கா? முப்பது வருஷமா இந்த வீட்டுல கிடக்கேன். எனக்கென்ன பயம்?"

அவ்வளவுதான் பேச்சு. பூனையாம். டொக் என்று எதையோ வைக்கிற பூனை.

வீட்டுக்காரரிடம் அழுது, அழவில்லை, அழுத்திச் சொல்லி, கதவு நிலைக்கு மேலே ஒரு கேமரா வைக்கச் செய்தேன். அவருடைய சிநேகிதர் வந்து மாட்டினார். பதிவு செய்ய மெமரி கார்டு வேண்டுமே என்றால், "அடுத்த லீவுக்கு நான் கொண்டுவாரேன்" என்று பதில். திருடனும் அடுத்த லீவுக்கு வருவானாக்கும். ஆக, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உண்டு. போனில் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். போன் ராத்திரி முழுக்க ரூத் பக்கத்தில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், அது நின்றால் அவள் எழுந்துவிடுவாள். கேமராப் படத்தைப் பழைய மானிட்டரில் திறந்து வைத்தேன்.

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது.

என் மேஜையில் இரண்டு மானிட்டர். ஒன்று வீட்டுக்காரர் கேம் விளையாட வாங்கியது, போன லீவில். நாற்பது நாள் லீவில் முப்பது நாள் அதில்தான் சுட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்று மாமா பிரசங்கம் பார்க்க வாங்கிய பழசு. புதியதில் வெட்டிக் கோர்க்கிற டைம்லைன், பழையதில் இதுவரை ஃபைல் பட்டியல் மட்டும் சும்மா நிற்கும். கேமரா வந்த வாரத்திலிருந்து டைம்லைன் திக்க ஆரம்பித்தது. ஓட்டினால் மணமகள் இரண்டு அடி வைப்பாள், நிற்பாள், மூன்றாவது அடிக்குப் பதில் ஐந்தாவது அடியில் இருப்பாள். நான் ஓட்டுகிறபோது கேமராப் படமும் உறைந்துவிடும். நிறுத்தினால் மறுபடி ஓடும்.

கேமராதான் காரணம் என்று நீங்கள் முடிச்சுப் போடாதீர்கள். நான் போடவில்லை. பகலில் அதையே போனில் ஓட்டிப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடுகிறது. அப்புறம் கேமராவை எப்படிக் குறை சொல்வது? அதை மூடிப் பார்க்கவும் இல்லை. எப்படி மூடுவேன்?

எனக்கு டைம்லைன் திக்குவது பெரிதில்லை, வேலை கொடுக்கிற ஸ்டுடியோக்காரர் நாலு நாள் கத்துவார். கேமரா உறைவதுதான். ஒவ்வொரு ராத்திரியும் நான் ஒரு காட்சியை ஓட்டுகிற நேரத்தில்தான் அந்த சர்ர்ர். திரும்பிப் பார்த்தால் படியில் யாருமில்லாத பழைய படம் உறைந்து நிற்கும். அவசரமாக நிறுத்துவேன். படம் உயிர் பெறும்போது படி காலியாக இருக்கும். டொக் மட்டும் காதில் விழும். கதவுக்கு நேர் கீழே இரண்டு படி அந்தக் கேமராவுக்குத் தெரியாது. அங்கேதான் அது இருக்கிறது. மரக்கதவு ஒன்று நடுவில், தாழ்ப்பாள் இல்லாமல். உள்ளறையில் ரூத். வருவது யார் என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ட்ரைபாடைக் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தேன். எப்போதும் அங்கே இருப்பதுதான் அது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"டிரைவர் அப்டேட் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

"மறுபடி பண்ணிப் பாரு."

"மூணு தடவை பண்ணிட்டேன்."

"அப்ப நீ என்னத்தையோ டவுன்லோடு பண்ணிருக்க."

இந்த மனுஷனுக்குத் தலைவலி என்று சொன்னாலும் டிரைவர் அப்டேட்தான். படியில் யாரோ ஏறி வருகிறார்கள் என்றேன். "அம்மாகிட்ட சொல்லேன், அவங்க இருக்காங்கல்ல" என்றார். அம்மா. படுத்தால் உலகம் தெரியாத அம்மா.

அடுத்து மார்க்கெட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து. முதல் வாக்கியத்தில் நான் மேடம், இரண்டாவதில் யக்கா.

"மேடம், கிராஃபிக்ஸ் கார்டு வீக்கு. கடைக்குக் கொண்டுபோயித்தான் பாக்கணும்."

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தார். "யக்கா, கடையில ஜம்முன்னு ஓடுது. ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டு கரண்ட் சரியில்ல."

"கடையில எத்தனை மானிட்டர் போட்டுப் பார்த்தீங்க?"

"ஒண்ணுதான். எதுக்கு ரெண்டு?"

"நான் சொன்ன குறையே ரெண்டு போட்டாத்தான் வருதுன்னு."

"ஒண்ணுல ஓடுனா ரெண்டுலயும் ஓடணும்லா?"

இந்த அறிவுக்கு ஒரு கடை, ஒரு போர்டு, அதில் பல்லி மாதிரி ஓடுகிற எழுத்துவிளக்கு வேறு. போகிற போக்கில் பழைய மானிட்டரின் வயரை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மேலே மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் செருகிவிட்டுப் போயிருந்தார். அன்று ராத்திரி இன்னும் மோசமாகத் திக்கியது. நான்தான் மேஜைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துக் கண்டுபிடித்து மாற்றினேன். உங்களுடையதிலும் முதலில் அதைப் பாருங்கள், ஹாஜிரா. இரண்டு வயரும் ஒரே கார்டிலிருந்து வரவேண்டும்.

அதற்குப் பிறகுதான் யாரையும் நம்பாமல் நானே வாசிக்க ஆரம்பித்தேன். டிஸ்பிளே செட்டிங்ஸில் ஒவ்வொரு மானிட்டருக்கும் கீழே ஒரு எண் இருக்கும், ஒரு செகண்டுக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாக வரைகிறது என்று. வீட்டுக்காரருடையது நூற்று நாற்பத்துநாலு. மாமாவுடையது அறுபது.

பார்த்ததும் எனக்கு சிஸ்டர் ஹில்டாதான் ஞாபகம் வந்தார்கள். பள்ளியில் மார்ச் பாஸ்ட்டுக்கு நான்தான் டிரம். ஒரு வருஷம் சிஸ்டர் பெரிய பெண்களையும் குட்டிப் பிள்ளைகளையும் ஒரே டிரம்முக்கு நடக்கவிட்டார்கள். பெரியவர்களுக்கு அடித்தால் குட்டிகள் ஓடுகிறார்கள், குட்டிகளுக்கு அடித்தால் பெரியவர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இரண்டு வரிசையையும் பார்த்துப் பார்த்து நான் திக்கினேன். திட்டு எனக்கு. கம்ப்யூட்டரும் அந்த டிரம்காரிதான். இரண்டு மானிட்டரிலும் அசைகிற படம் இருந்தால் யாருக்கு அடிப்பாள்? கடைசியில் சிஸ்டர், குட்டிகள் இரண்டு அடி வைக்கும்போது பெரியவர்கள் ஒரு அடி வைக்கட்டும் என்றார்கள். சரியாகிவிட்டது. நூற்று நாற்பத்துநாலில் அறுபது சரியாகப் போகாது. நூற்றிருபதில் சரியாக இரண்டு முறை போகும். புதிய மானிட்டரை நூற்றிருபதில் வைத்தேன். நாற்பது சிங்கங்களுக்கும் ஒரு பேச்சிமுத்துவுக்கும் தெரியாதது ஒரு கன்னியாஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது.

பாதி குறைந்தது. மீதி இருந்தது. டைம்லைன் நடந்தது, ஆனால் கேமரா இன்னும் அவ்வப்போது உறைந்தது. கேமராவைத் திறந்திருந்த பிரௌசரில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் என்று ஒன்று இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டை அதுவும் பங்குபோட்டுக்கொள்ளும். அதை அணைத்துவிட்டு பிரௌசரை மூடித் திறந்தேன். அது செவ்வாய்க்கிழமை, ராத்திரி பத்து மணிக்கு மேல். சோதித்துப் பார்க்க மோதிரம் மாற்றுகிற காட்சியை ஓட்டினேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். கோயர் பாடுகிறது, பாஸ்டர் ஜெபிக்கிறார், ஒரு தடங்கல் இல்லை. பக்கத்தில் கேமராவில் படியோரத்துச் செம்பருத்தி காற்றில் ஆடுகிறது, அதிலும் தடங்கல் இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன.

சர்ர்ர்ர்.

நான் நிறுத்தவில்லை. கோயர் பாட்டும் பாடிக்கொண்டே இருந்தது. திரும்பி மாமாவின் மானிட்டரைப் பார்த்தேன்.

தலையில் துண்டு கட்டி, கக்கத்தில் சுருட்டிய பாய், கையில் எரியாத டார்ச். பாயின் முனை சுவரில் உரசுகிறது. படிக்கு ஒரு முறை நின்று, பின்னால் திரும்பி இருட்டைப் பார்த்து, அப்புறம் அடுத்த படி. என் மாமியார். உலகமே தெரியாமல் தூங்குகிறவர்கள்.

கேமராவுக்குக் கீழே வந்து மறைந்தார்கள். டொக். டார்ச்சை வைக்கிற சத்தம்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. உளவு. வேறென்ன? நான் ராத்திரி யாரிடம் பேசுகிறேன், என்ன செய்கிறேன் என்று மகனுக்குச் சொல்ல உட்கார்ந்து கேட்கிறார்கள். கான்வெண்ட் பெண்ணென்றால் இவர்களுக்கு எப்போதுமே ஒரு இது. ட்ரைபாடை எடுக்காமல், வெறுங்கையோடு போய்க் கதவைத் திறந்தேன். பாயை விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உள்ளே சாய்ந்தார்கள்.

"என்ன அத்தை இது?"

"ஒண்ணுமில்ல. கீழ புழுக்கமா இருந்துது."

"மார்கழியில என்ன புழுக்கம்?"

எழுந்திருக்கவில்லை. என் காலுக்குப் பக்கத்தில் தலை. கீழேயிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தபடியே கேட்டார்கள்: "அந்தப் பாஸ்டருக்கு இப்ப திக்கு வாய் சரியாயிட்டா?"

"என்னது?"

"மூணு வாரமா ஒரே ஜெபத்தைத் திக்கித் திக்கிச் சொன்னாரு. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டபாடில்ல. இன்னைக்குத்தான் ஒழுங்காச் சொல்லுதாரு."

"மூணு வாரமா இங்கதான் உட்கார்ந்திருக்கீங்களா?"

"தினமும் இல்ல. உன் பாட்டுச் சத்தம் கேட்டாத்தான் வருவேன். நீ முழிச்சிருக்கன்னு தெரியும்லா."

"சாவி வச்சிருக்கீங்களே, உள்ள வந்தா என்ன?"

"நீதான் வேலை நேரத்துல யாரும் வரக்கூடாதுன்னுட்டியே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கோயரைக் கேட்டோம். பிறகு அவர்களாகவே சொன்னார்கள், துண்டை அவிழ்த்து மறுபடி கட்டியபடி. "மாமா இருந்தப்ப குறட்டை விடுவாங்க. திட்டுவேன். இப்ப கீழ ஒரு சத்தமும் இல்ல. ஃப்ரிட்ஜ் நின்னா உடம்பு நடுங்குது."

பாருங்கள், ஹாஜிரா. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷி ஃப்ரிட்ஜுக்குப் பயப்படுகிறார்கள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதைக் காலையில் கேட்டபோதே சொல்லியிருந்தால் எனக்குக் கேமரா எதற்கு, பேச்சிமுத்து எதற்கு? பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு மனுஷிக்கு என்ன கேடு? எனக்கு இந்த வீம்பு மட்டும் பிடிக்கவே பிடிக்காது. மூன்று வாரம் நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு இஞ்ச் மரக்கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உள்ள வாங்க" என்றேன். "குழந்தை எழுந்துக்கும், மெதுவா."

பாயை ரூத்தின் தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். படுக்குமுன் அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பழக்கத்தை எங்கே பிடித்தார்களோ.

நான் மேஜைக்குத் திரும்பினேன். படியில் பார்க்க இனி யாருமில்லை. கேமராப் பக்கத்தை மூடினேன். அதன் பிறகு டைம்லைன் எப்படி ஓடியது என்கிறீர்கள்? நூற்று நாற்பத்துநாலில் திரும்ப வைத்துப் பார்த்தேன், அப்போதும் ஓடியது. எண்ணெய் தடவினதுபோல. மணமகள் கோயிலுக்குள் நடந்து வந்தாள், ஒரு அடி தவறவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டு வயரும் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா பாருங்கள். இரண்டு எண்ணையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி வையுங்கள். பிரௌசரில் அந்த ஆக்ஸிலரேஷனை அணையுங்கள். அதற்கெல்லாம் முன்னால், ரெண்டாவது மானிட்டரில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஓயாமல் அசைகிற எதையாவது திறந்து வைத்திருப்பீர்கள். மூட முடிந்தால் மூடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எனக்கு எழுதுங்கள். குரூப்பில் எழுதாதீர்கள், டிரைவர் அப்டேட் பண்ணச் சொல்வார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து குரல்.

"ஏ பிள்ள, கதவைத் தாழ் போட்டியா?"

"பூட்டியிருக்கு அத்தை."

"பூட்டு வேற, தாழ் வேற."

"நீங்க வரணும்னுதானே போடாம வச்சிருக்கேன்."

"நான்தான் வந்துட்டேனே."

எழுந்து வந்துவிட்டார்கள், துண்டும் டார்ச்சுமாக. மூன்று மாதமாகப் போடாத தாழ்ப்பாள், துருப்பிடித்து நகர மறுத்தது. டார்ச்சின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினார்கள். ரூத் அசைந்தாள். நான் கையைக் கொடுத்து அழுத்தினேன், அவர்கள் இன்னொரு தட்டுத் தட்டினார்கள். தாழ் போய் விழுந்தது.